படுத்தால் போய்விடும் வலி

என் தங்கைக்கு வந்த தலைவலி எழுந்தால் வரும், படுத்தால் போய்விடும். இப்படி ஒரு வலி உண்டா, நீங்களே சொல்லுங்கள். படுத்தால் எனக்கும்தான் எல்லா வலியும் போய்விடும்.

நாங்கள் இருவரும் சேர்ந்து சலவைக்கடை நடத்துகிறோம். வருவதில் முக்கால்வாசி விடுதிகளின் படுக்கை விரிப்புகள்தான். நான் துவைக்கும் மிஷினைப் பார்ப்பேன், அவள் நின்றுகொண்டே இஸ்திரி போடுவாள். ஒருநாள் ஈர மூட்டையைத் தூக்கும்போது கழுத்துக்குக் கீழே சுருக்கென்றது என்றாள். மறுநாள் ஆரம்பித்தது. பத்து நிமிஷம் நிற்பாள், தலையைப் பிடித்துக்கொள்வாள், பின்னறைக்குப் போய்த் தலையணைகூட இல்லாமல் படுத்துவிடுவாள். எட்டிப் பார்த்தால் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மகாராணிக்குக் கால் அமுக்கி விடட்டுமா?"

"நிஜமா வலிக்குதுக்கா. படுத்தா மட்டும்தான் இல்ல."

"வேலையப் பாத்தா வர்ற வலி. டாக்டர்கிட்ட சொல்லிப் பாரு, சிரிப்பாரு."

அவள் டாக்டரிடம் போகவில்லை. என் வாய்க்குப் பயந்துதான் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, கடை திறக்கும்போதே இஸ்திரி மேஜை முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன, படுக்கலையா?"

"படுத்தாலும் ஒண்ணுதான், நின்னாலும் ஒண்ணுதான். விடாம வலிக்குதுக்கா. சும்மா கிடக்கறதுக்கு வேலையாவது பாக்கறேன்."

எனக்கு வாயெல்லாம் பல். ஒருவழியாக வழிக்கு வந்தாளே! முதுகில் தட்டிக்கொடுத்து, இரண்டு மூட்டைகளை அவள் பக்கம் தள்ளினேன்.

புதன்கிழமை மதியம் துணி கருகும் வாடை வந்தது. "கண்ண எங்க வச்சிருக்க?" என்று கத்திக்கொண்டே ஓடினேன். இஸ்திரிப்பெட்டி விரிப்பின்மேல் கிடந்து புகைந்தது. அவள் வலது கை துவண்டு தொங்கியது. என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது, பேச்சு வரவில்லை. பிறகு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் முதுகுத்தண்டில் எங்கோ கசிந்து அழுத்தம் குறைந்துவிட்டதாம். நின்றால் வலித்தது அதனால்தானாம். அப்படியே விட்டதில், மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். பிழைப்பாளா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

"படுத்தாலும் வலிக்குதுன்னு என்னிக்குச் சொன்னாங்க? அன்னிக்கு உறைய ஆரம்பிச்சிருக்கும். ஞாபகம் இருக்காம்மா?"

"திங்கக்கிழமை. காலைல எட்டரை மணி."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இவ்வளவு கரெக்டா சொல்றீங்களே?"

"அன்னிக்கு மட்டும்தான் டாக்டர், நான் அவளத் திட்டல."