ஹார்ட் டிஸ்க்கில் மிஞ்சிய இடம்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: நான் ஒன்றுமே செய்யவில்லை, தானாக இப்படி ஆகிவிட்டது. எந்த லேப்டாப்பும் தானாக எதுவும் செய்துகொள்ளாது. யாரோ எதையோ அமுக்கியிருப்பார்கள். யார், எதை, எந்த வரிசையில் அமுக்கினார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதியை நான் பார்த்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தமானில், போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில் என் அண்ணன் ஜாபர் செல்போன் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் அவருடையது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் மேஜையும் ஸ்க்ரூ டிரைவர்களும் என்னுடையவை. ஹுஸ்னா கையில் கொடுத்தால் தகவல் எதுவும் போகாது என்று போர்ட் பிளேரில் எனக்கொரு பெயர் உண்டு. வாய்தான் கொஞ்சம் அதிகம் என்ற பெயரும் உண்டு. இரண்டையும் நான் மறுத்ததில்லை.

அன்று காலை கடை திறந்ததும் வந்தவர்கள், தெற்கே நிக்கோபார் தீவிலிருக்கும் கேம்பல் பேயிலிருந்து வந்த கணவனும் மனைவியும். சுகுணாவுக்கு என்னைவிடச் சில வயது கூட இருக்கும். லேப்டாப் பையை மடியில் வைத்துக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நந்தகுமார் உட்காரவில்லை. தடுப்பில் சாய்ந்து நின்று, என் மேஜையில் கிடந்த ஒவ்வொன்றையும் தெரிந்தவர் பார்க்கும் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். சுகுணா தங்களை அறிமுகப்படுத்தும்போதே, இவரும் உங்கள் மாதிரிதான், எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள் என்றாள். அவர் முகம் ஏனோ மலரவில்லை.

விஷயம் இதுதான். மெயின்லேண்டில் ஒரு கம்பெனி அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகுதான் கேம்பல் பேயில் உட்கார்ந்து இப்படியொரு வேலையைப் பற்றி நினைக்கவே முடிகிறது. அதற்கு முன் சோதனையாக ஒரு புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதிவிட்டாள். அதை, விண்டோஸுக்குப் பதிலாகச் சிலர் வைத்துக்கொள்ளும் லினக்ஸில் ஓட்டி, வரும் முடிவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கெடு முடியும்போது அவள் ஊர் திரும்பும் வழியில் நடுக்கடலில் இருப்பாள். கப்பலில் நெட் கிடையாது. ஆக, மாலையில் கப்பல் ஏறுவதற்குள் அனுப்பியாக வேண்டும். கணவரின் விண்டோஸும் இருக்க வேண்டும், தன் லினக்ஸும் வேண்டும். அதற்காக டிஸ்க்கைப் பிரிக்கப் போய், இப்போது இரண்டுமே எழுவதில்லை.

புரோகிராமுக்கு நகல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாள். எங்கே என்றேன். டி டிரைவில், வேறொரு ஃபோல்டரில் என்றாள்.

அசல் எங்கே என்று கேட்டேன். அதுவும் டி டிரைவில்தான். எனக்கு வந்த கோபத்தை அடக்கவில்லை. ஒரே தோணியில் முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் உட்கார வைத்துவிட்டு, இரண்டு தோணியில் அனுப்பினேன் என்று சொல்வீர்களா என்றேன். சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள்.

என் பென் டிரைவிலிருந்த லினக்ஸில் லேப்டாப்பை எழுப்பி டிஸ்க்கைப் பார்த்தேன். பார்த்ததும் நோய் புரிந்துவிட்டது. தீவுக்காரர்களின் நோய். கேபிள் வருவதற்கு முந்தைய காலத்தில் ஒரு படமோ சாஃப்ட்வேரோ கப்பலில் வந்து சேர்ந்தால்தான் உண்டு. அதனால் இங்கே யாரும் எதையும் அழிக்க மாட்டார்கள். படத்துக்கு ஒரு பங்கு, பாட்டுக்கு ஒரு பங்கு என்று டிஸ்க்கைக் கூறு போட்டுக்கொண்டே போவார்கள். இந்தப் பழைய லேப்டாப்பில் நான்கு பங்குக்குமேல் சாதாரணமாகப் போட முடியாது. விண்டோஸ் தனக்கென்று மறைத்து வைத்திருக்கும் ஒன்று, சி, டி, இ என்று நான்கும் ஆகியிருந்தது. ஐந்தாவது கேட்டால், டிஸ்க்கையே 'டைனமிக்' என்ற வேறு ஏற்பாட்டுக்கு மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். மரியாதையாகத்தான் கேட்கும். படிக்காமல் 'யெஸ்' கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு லினக்ஸுக்கு அந்தப் பங்குகள் கண்ணிலேயே படாது.

யார் யெஸ் கொடுத்தது என்று கேட்டேன்.

நான்தான் என்றாள் சுகுணா, கொஞ்சமும் தயங்காமல்.

எச்சரிக்கையைப் படித்தீர்களா என்றேன். இல்லை என்றாள். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் நாலு வரி படிக்க மாட்டீர்களா என்று ஆரம்பித்து நிறையவே சொன்னேன். நந்தகுமார் வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி திட்டு வாங்கும்போது பஸ் பார்க்கிற ஆள் என்று அவரைப் பற்றி மனசுக்குள் ஒரு முடிவு கட்டினேன்.

இந்த நோய்க்கு மருந்து எனக்குத் தெரியும். பங்குகளின் எல்லைகளைத் தேடி எடுத்து, பழைய சாதாரண முறையில் திருப்பி எழுதிவிடலாம். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். முழு டிஸ்க்கையும் முதலில் நகலெடுத்துவிட்டுச் செய்வதுதான் முறை. ஆனால் நகல் முடிவதற்குள் கப்பல் போய்விடும். பரவாயில்லை, என் கை தவறாது என்று எல்லைகளைத் தேடவிட்டேன்.

வந்த கணக்கு உதைத்தது. டி எங்கே முடிகிறது என்று பார்த்தால், இ டிரைவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போயிருந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா. கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஒரு துண்டு இடம். இரண்டு காரணம் இருக்கலாம். எப்போதோ டிஸ்க் வேறு மாதிரி பிரிக்கப்பட்டிருந்து, அந்தப் பழைய அளவு அழியாமல் கிடக்கலாம். அப்படியானால் டி-யை இ-யின் வாசலோடு வெட்டிவிட்டு, கடைசித் துண்டில் லினக்ஸை உட்கார வைக்கலாம். அல்லது டைனமிக் ஆன பிறகு யாராவது டி-யைப் பெரிதாக்கியிருக்கலாம். அந்த ஏற்பாட்டில் ஒரு பங்கு நடுவிலிருக்கும் அடுத்தவர் இடத்தைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கமும் கால் வைக்கும். அப்படியானால் காலியாகத் தெரியும் அந்தத் துண்டு காலியே இல்லை. டி-யின் மறு பாதி. அதன்மேல் லினக்ஸைப் போட்டால் சுகுணாவின் புரோகிராம் போயே போய்விடும்.

இதை அவளிடம் நிதானமாகவே விளக்கினேன். யெஸ் கொடுத்த பிறகு எந்த டிரைவையாவது பெரிதாக்கினீர்களா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், உங்கள் வேலை இந்தப் பதிலில்தான் இருக்கிறது என்றேன்.

"இல்லைங்க. யெஸ் மட்டுந்தான் குடுத்தேன். வேற எதையும் தொடலை."

அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டி-யை வெட்டினேன். எழுதட்டுமா என்று திரை கேட்டது. நான் விரலைக் கொண்டுபோனேன்.

"ருக்கோ, நில்லுங்க தங்கச்சி, எழுதிராதீங்க."

நந்தகுமார் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். கை என் கீபோர்டுக்குமேல் நின்றது, தொடவில்லை.

"டி-யைப் பெருசாக்கினது நான். யெஸ் குடுத்ததும் நான்தான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. காலி மாதிரி தெரியுதே, அது அவ இடம்."

நான் விரலை எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று கொடுத்துத் திரையை மூடினேன். தவறாது என்று நான் நம்பிய கை தவற இருந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, இரண்டு பேர் மேலும். டாக்டரிடம் என்ன சாப்பிட்டோம் என்பதை மறைப்பார்களா என்று சுகுணாவைக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"படம் ஏத்திக்கப் பென் டிரைவைத் தூக்கிக்கிட்டு ஊரே இவரைத் தேடி வந்த காலம் உண்டுங்க. இப்ப நெட் வந்துருச்சு, ஒருத்தரும் வர்றதில்லை. ரிப்பேருக்கு மட்டுந்தான் கூப்பிடுறாங்க. இவரே கெடுத்துட்டாருன்னு தெரிஞ்சா அதுவும் நின்னு போயிரும்."

 நான் வேலையைப் பேசினேன். டி-யைப் பெரிதாக்க இடம் எங்கிருந்து வந்தது, டிஸ்க் நிறைந்தல்லவா இருந்திருக்கும் என்று அவரிடம் கேட்டேன்.  அவர் சொன்னார். இ டிரைவ் அவருடையது. அத்தனை வருஷமும் கப்பல் கப்பலாகச் சேர்த்த படங்களும் பாட்டுகளும் அதில்தான் இருந்தன. சுகுணா அசந்த நேரமாகப் பார்த்து அவற்றை அழித்து, இ-யைச் சுருக்கி, லினக்ஸுக்கு இடம் எடுத்தார். அந்த இடத்தை ஐந்தாவது பங்காக்கப் போனபோதுதான் யெஸ் கேட்டது. கொடுத்தார். லினக்ஸ் ஏறவில்லை. திரும்ப மாற்றவும் தெரியவில்லை. எடுத்த இடம் வீணாகக் கிடப்பானேன், அவளுக்காவது இருக்கட்டும் என்று டி-யோடு சேர்த்துவிட்டார். அதன் பிறகும் அவள் அதில்தான் எழுதிக்கொண்டிருந்தாள். இங்கே வரக் கப்பலேறுமுன் கடைசியாக ஒருமுறை லினக்ஸை ஏற்றிப் பார்த்தார்; விண்டோஸும் படுத்துவிட்டது.

"எல்லாத்தையுமா அழிச்சீங்க?" என்றாள் சுகுணா. அவளுக்கு இது புதிது என்று முகத்திலேயே தெரிந்தது.

"கொஞ்சம் இருக்கு," என்றார்.

இனி வரிசை முழுசாகத் தெரியும். என் நம்பிக்கையும் திரும்பி வந்தது. எல்லைகளைத் திருப்பி எழுதும் எண்ணத்தை ஒத்திவைத்தேன். டைனமிக் ஏற்பாட்டையே லினக்ஸில் அப்படியே படித்துக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. அதை ஓட்டியதும், குதித்துக் கிடந்த டி-யின் இரண்டு துண்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து திறந்தன. புரோகிராம் இருந்தது. அதன் நகலும், அவள் சொன்ன மாதிரியே, பக்கத்து ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. டி-யிலிருந்த எல்லாவற்றையும் என் கடை டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று நகலெடுத்தேன். இதுதான் நகல், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் சொன்னபடி கேட்டது. டி-யை எடுத்துவிட்டேன். விண்டோஸ் இருக்கும் சி, அவருடைய இ, இரண்டின் எல்லைகளையும் சாதாரண முறைக்குத் திருப்பி எழுதினேன். டி இருந்த இடத்தில் லினக்ஸ் உட்கார்ந்தது. கடைசித் துண்டு புதிய டி ஆனது, அவள் கோப்புகளை அதில் திருப்பிப் போட்டேன். நான்கைத் தாண்டாமலிருக்க லினக்ஸ், இ, புதிய டி மூன்றையும் ஒரே பெரிய பங்குக்குள் அடக்கினேன். நந்தகுமார் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எல்லையையும் எனக்குமுன் கூட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் நான் அவசரப்பட்டபோது, இந்த எண்ணை இன்னொரு தரம் பாருங்கள் என்றார். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதற்காக அவரைத் திட்டவில்லை.

லேப்டாப்பை மறுபடி எழுப்பினோம். லினக்ஸா விண்டோஸா என்று திரை கேட்டது. முதலில் விண்டோஸைத் திறந்து பார்த்தோம், எழுந்தது. அடுத்து லினக்ஸ். சுகுணா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புரோகிராமை ஓட்டினாள். முடிவு வந்தது. ஜாபரின் கடை வைஃபையில் எல்லாவற்றையும் அனுப்பினாள். கிடைத்தது என்று கம்பெனியிலிருந்து பதில் வரும்வரை மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்ததும் சுகுணா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை அவள் கண் கலங்கி நான் பார்க்கவில்லை.

பையைக் கட்டும்போது நந்தகுமாருக்குப் போன் வந்தது. கேம்பல் பேயிலிருந்து பக்கத்து வீட்டு சர்தார்ஜி. லேப்டாப் சரியாகிவிட்டதா என்று அவர் இந்தியில் கேட்பது எனக்கே கேட்டது. சரியாகிவிட்டது என்றார் நந்தகுமார். கொஞ்சம் நிறுத்தி, கெடுத்தது நான்தான், சரி செய்தது டாலிகஞ்சில் ஒரு தங்கச்சி என்று அவரும் இந்தியிலேயே சொன்னார். உங்கள் பெட்டி கெட்டால் இனி யோசித்துக் கொடுங்கள் என்று சிரிக்கவும் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

சுகுணா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அவர் படம் எல்லாத்தையும் அழிச்சு எனக்கு இடம் குடுத்தாரு, பாய் சாப்," என்றாள். "அதையும் ஊர்ல சொல்லுங்க."

இந்தியில்தான் சொன்னாள். எனக்கு இப்போதும் அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. நந்தகுமார் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் எதுவும் அங்கே இல்லை.  கப்பலுக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டு இருவரையும் கிளப்பிவிட்டு, ஆட்டோ பிடித்துக் கொடுக்க நானும் கூடவே வெளியே போனேன்.