டஸ்டர் யார் கையில்

சண்டையை எப்படித் தீர்த்துக்கொள்வது என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பவள் சமாதான டீச்சர். பெயர் பிள்ளைகள் வைத்தது. ஆசிரியர் அறையில் எதிர்மேஜைக் கணக்கு டீச்சரோடு அவள் பேசாமல் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பாடம் வேறு, பிழைப்பு வேறு இல்லையா?

சண்டை மின்விசிறிக்காக. இவளுக்கு அது நாலாம் எண்ணில் சுற்றவேண்டும். அவளுக்குச் சுற்றவே கூடாது, விடைத்தாள் பறக்கிறதாம். இவள் எழுந்துபோய்த் திருப்புவாள். அவள் எழுந்துபோய் அணைப்பாள். வாயே திறக்காமல் ஒரு நாளைக்கு இருபது தடவை. டாக்டர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நடந்திருக்க மாட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க வெள்ளிக்கிழமைப் பீரியடைக் கணக்குக்குக் கேக்கறாங்கம்மா. வாராவாரம் டெஸ்ட் வைக்கணுமாம்."

"யாரு கேக்கறாங்க?" என்றாள், தெரியாததுபோல்.

"வேற யாரு? இந்த வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பாக்கறேன். அவங்களையும் கூட்டிட்டு வரேன். என் கண்ணு முன்னால ஒரு சண்டை தீரட்டும், பீரியட் உங்களோடது. இல்லேன்னா கொடுத்துடுங்க."

கொடுப்பதா! அதுவும் அவளுக்கா! அதைவிட அந்த மின்விசிறியைக் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு சண்டையை எழுதினாள். மூன்று பக்கம். ஒரு பேனா, ஒரு திருட்டு, கடைசியில் ஒரு மன்னிப்பு. நடிக்க இரண்டு பெண்கள். ஒருத்தி ஓயாமல் பேசி ரேடியோ என்று பெயர் வாங்கியவள். இன்னொருத்தி கேட்டாலும் பேசாமல் பூட்டு என்று பெயர் வாங்கியவள்.

வகுப்புச் சுவரில் அவளுடைய விதிகள் பச்சை மையில் தொங்கின. டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர் கேட்கவேண்டும். பதில் சொல்லுமுன், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. கடைசி விதி அவள் தானே யோசித்துக் கண்டுபிடித்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. பக்கத்தில் கணக்கு டீச்சர், மடியில் அடுத்த வாரத்துக் கேள்வித்தாள் கட்டு. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

"என் பேனாவை நீ எடுத்ததால் என் மனம் வருத்தமுற்றது" என்றாள் ரேடியோ, செய்தி வாசிப்பதுபோல்.

"உன் மனம் வருத்தமுற்றது என்று நீ சொன்னாய்" என்றாள் பூட்டு.

"போதும், போதும்" என்றார் தலைமையாசிரியை. "யாரும்மா இப்படிச் சண்டை போடுவா? நிஜச் சண்டை ஏதாவது இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றாள் ரேடியோ. "ஆனா எங்களோடது இல்ல."

"பின்னே யாரோடது?"

நாற்பது தலைகளும் முதலில் கரும்பலகைப் பக்கம் திரும்பின, பிறகு கடைசி பெஞ்சுப் பக்கம். ரேடியோவே வாயை மூடிக்கொண்டாள். பூட்டு திறந்தாள்.

"ஃபேன் சண்டை, மேடம்."

அந்த வருடத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு. வந்ததும் வந்தது, அதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை?

தலைமையாசிரியை இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போடச் சொன்னார். டஸ்டரைக் கணக்கு டீச்சர் கையில் கொடுத்தார். "பூட்டு, நீதான் நடுவர்."

"ஃபேனெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் கணக்கு டீச்சர். "பேப்பர் பறந்தா மேல ஒரு புத்தகத்தை வச்சுட்டுப் போறேன். ஆபரேஷனுக்காக ரெண்டு மாசம் லீவுல போனேன். திரும்பி வந்தா ஜன்னலோர மேஜைல இவங்க உக்காந்திருக்காங்க. பதினோரு வருஷம் நான் உக்காந்த இடம். என் சாமானெல்லாம் அட்டைப்பெட்டில கீழ கிடக்கு. உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மேஜையை நானே கொடுத்திருப்பேன்."

சமாதான டீச்சர் தொண்டையைச் செருமினாள். "அதாவது, இவங்க இடத்தை நான் திருடிட்டேன்னு..."

"திருடினதா அவங்க சொல்லல டீச்சர்" என்றாள் பூட்டு. "மறுபடி."

"நான் வேணும்னே பெட்டில தூக்கிப் போட்டு..."

"வேணும்னேன்னு சொல்லல. மறுபடி."

"புதுசா வந்தவ எங்க உக்காரணும்னு யாருமே சொல்லாதப்போ..."

"அது உங்க பதில் டீச்சர். டஸ்டர் இன்னும் அவங்க கைலதான் இருக்கு."

எந்த மடைச்சி இந்த விதியைக் கண்டுபிடித்தாள் என்று சமாதான டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகுக்குப் பின்னால் பச்சை மை பளபளத்தது.

"பீரியட் முடிய நாலு நிமிஷம்" என்றார் தலைமையாசிரியை. பெஞ்சில் கேள்வித்தாள் கட்டு காத்திருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்தாங்க" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "பதினோரு வருஷம் உக்காந்த மேஜைல நான் இருந்தேன். சாமானெல்லாம் கீழ கிடந்துச்சு. உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை..." எதிர் நாற்காலியை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேக்கல."

பூட்டு யோசித்தாள். "அந்தக் கடைசி வார்த்தை நீங்க கூட்டினது."

"விடுடி, அது இருக்கட்டும்" என்றாள் கணக்கு டீச்சர். டஸ்டரை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டவள், சேர்த்து வைத்திருந்த பதில்களையெல்லாம் விட்டுவிட்டுக் கேட்டாள். "இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"ரொம்பச் சீக்கிரம் கேட்டுட்டீங்க" என்றாள் கணக்கு டீச்சர். "தையல் பிரிச்ச தழும்புகூட மறைஞ்சாச்சு."

வகுப்பு சிரித்தது. சமாதான டீச்சரும் சிரித்துவிட்டாள். மணி அடித்தது. பீரியட் தப்பியது, கேள்வித்தாள் கட்டு வந்த வழியே போனது.

திங்கட்கிழமை சமாதான டீச்சர் தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஜன்னலோர மேஜையைக் காலி செய்தாள்.

"எதுக்கு? நீங்களே உக்காருங்க."

"இல்ல இல்ல, உங்க இடம்."

"நான்தான் வேணாங்கறேனே!"

"ஒரு தடவை சொன்னா கேளுங்களேன்!"

புதன்கிழமை வரை அந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. வெற்று மேஜைக்கு மேல் மின்விசிறி மட்டும் இரண்டாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மதியம் வாசலில் போன ரேடியோவைச் சமாதான டீச்சர் பிடித்து நிறுத்தினாள்.

"ஓடிப்போய் பூட்டைக் கூட்டிட்டு வா. வரும்போது அந்த டஸ்டரையும் எடுத்துக்கோ."