பழைய சமையலறைக்கு ஒரு எஸ்டிமேட்

பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்பினால் கேட்க வேண்டுமா? மேஸ்திரி நாற்காலியில் உட்காரும் முன்பே பேரத்தை ஆரம்பித்துவிட்டார். பாவம் மேஸ்திரி, டீயைக்கூட ஆறிப்போன பிறகுதான் குடிக்க முடிந்தது.

"சார், கையில இருக்கிற பணத்துக்கு ஒண்ணு சமையலறை, இல்லேன்னா கூரையும் பாத்ரூமும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"சமையலறைதான்."

"கூரை ஒழுகுதே சார்?"

"ஒழுகட்டும். வாளி இருக்குல்ல?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ஆனால் ஸ்டோர்கீப்பருக்கு அதில் குழப்பமே கிடையாது. மனைவிக்குப் பார்வை மங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எதிரில் நிற்பவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். இப்போது மகள் அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப் போயிருந்தாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். திரும்பி வரும்போது பளிச்சென்ற பார்வையோடு வருவாள், வந்து முதலில் நுழையப் போவது சமையலறைக்குள்தான். அது கரி பிடித்த பழைய பொந்தாகவா இருப்பது? மகளிடம்கூட மூச்சு விடாமல் வேலையைத் தொடங்கினார்.

"நான் வர்ற வரைக்கும் அடுப்படியில எதையும் இடம் மாத்தாதீங்க," என்று கிளம்பும்போது மனைவி சொல்லியிருந்தாள். அவருக்குச் சிரிப்புதான் வந்தது. டிப்போவிலும் பழைய ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள். அலமாரிகளைச் சீராக்கி முடித்த பிறகு அவர்களே வந்து கையைக் குலுக்குவார்கள்.

டைல்ஸ் விஷயத்தில்தான் பெரிய சண்டை. சாதா வெள்ளை போட்டால் மிச்சமாகும் பணத்தில் கூரைக்கும் பூசிவிடலாம் என்று மேஸ்திரி மன்றாடினார். மஞ்சள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் இவர். "ஒரு வருஷமா வெறும் புகையைத்தான்யா பார்த்துக்கிட்டிருக்கா. முதல்ல கண்ணுல படுறது வெயில் மாதிரி இருக்க வேணாமா?" மேஸ்திரி சீட்டில் மஞ்சள் என்றே எழுதிக்கொண்டார். அந்த மஞ்சளுக்காக ஸ்டோர்கீப்பர் தன் பல் செட்டைத் தள்ளிப்போட்டார், பழைய ஸ்கூட்டரையும் விற்றார். பொக்கை வாய் நிறையச் சிரித்துக்கொண்டேதான் விற்றார்.

அலமாரி, மேடை, அடுப்பு எல்லாம் இடம் மாறின. கிடங்கில் செய்த மாதிரியே, அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில், எப்போதாவது எடுப்பது மேலே. ஒவ்வொரு இழுப்பறையிலும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார். புதுக் கண், சிரமப்படக் கூடாதே!

கடைசிச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள்.

"கட்டைப் பிரிச்சுட்டாங்கப்பா." அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஒண்ணும் தெரியலையாம். வெளிச்சம்கூடத் தெரியலைங்கறாங்க. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லையாம்ப்பா."

அவர் அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க உடைஞ்சு போயிடாதீங்க. அம்மா தைரியமாத்தான் இருக்காங்க. இது இப்படித்தான் ஆகும்னு அவங்களுக்கு முன்னாடியே தோணியிருக்கு. உங்ககிட்ட சொல்லலையே தவிர, பழகிக்கணும்னு ஒரு வருஷமா கண்ணை மூடிக்கிட்டுத்தான் சமைச்சிருக்காங்க. உப்பு எங்கே, அடுப்பு எங்கே, எல்லாம் கைக்குத் தெரியுமாம். 'என்னை என் அடுப்படியில கொண்டு போய் விட்டுடு, நான் பொழைச்சுக்குவேன்'னு சொல்றாங்க. அதைக் கேட்டப்புறம்தான்ப்பா எனக்கே உயிர் வந்துச்சு."

போனை வைத்துவிட்டு மேஸ்திரியின் வீட்டுக்கு ஓடினார்.

"பழையபடியே ஆக்கணும்னா எவ்வளவு ஆகும்? எஸ்டிமேட் போடுங்க."

விஷயத்தைக் கேட்ட மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பழசு எங்க சார் இருக்கு? உடைச்சு அள்ளியாச்சே. சரி, கூலியே வேணாம், புதுசா அதே மாதிரி செஞ்சு தர்றேன். அளவு சொல்லுங்க. அடுப்புக்கும் உப்பு ஜாடிக்கும் எவ்வளவு தூரம்? தண்ணிப் பானை எந்த உயரத்துல இருந்துச்சு?"

டிப்போவின் ஆயிரம் சாமான்களையும் இருந்த இடத்தோடு ஒப்பிக்கக்கூடிய மனிதர் திருதிருவென்று விழித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பானையில் அவர் தானாகத் தண்ணீர் மொண்டு குடித்ததில்லை. கேட்கும் முன்பே கைக்கு வந்துவிடும். அந்த அளவெல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் அடுத்த நாளே வந்து இறங்கினாள்.

கூடத்தில் எதுவும் மாறவில்லை. மகளின் கையை உதறிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள், முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. இரண்டு முறை அவர் பேச வாயெடுத்தார், அதற்குள் அவள் அவரைக் கடந்து போய்விட்டாள். சமையலறைக்குள் நுழைந்து, தண்ணீர்ப் பானை இருந்த பக்கம் கையை நீட்டினாள். கை வெறுங்காற்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பிறகு சுவரைத் தடவினாள். எங்கே தொட்டாலும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது.

"என்னங்க?" என்றாள். குரல் சிறுத்துப் போயிருந்தது. "இது நம்ம வீடுதானே?"

அவர் சொன்னார். மஞ்சள் டைல்ஸ் வரை எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். மனைவியின் விரல் ஓர் இழுப்பறைமேல் ஊர்ந்து, ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தில் நின்றது.

"இது என்ன ஒட்டியிருக்கு?"

"பேரு எழுதியிருக்கேன். பெரிய எழுத்துல."

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் அந்தச் சீட்டை ஒருமுறை தடவிவிட்டு, "அழகாத்தான் இருக்கும்," என்றாள். அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

கொடுத்தார். முழுவதையும் குடித்தாள். குடித்து முடித்த டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, வந்த இடத்தில் கூச்சப்படும் விருந்தாளியைப் போல அவர் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"இதை எங்கங்க வைக்கணும்?"

பதில் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.