பார்க்கப் பார்க்கக் குறையும் தேதி

தையல்கார மாமாவுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'ரெண்டே நாள்'. காஜா போடணும், ரெண்டே நாள். இஸ்திரி பாக்கி, ரெண்டே நாள். இருபது வருடமாக அந்த இரண்டு நாள் தீர்ந்தபாடில்லை.

அவருடைய அக்கா மகள் புரோகிராம் எழுதுபவள். ஆறு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். வரப்போகும் மாமியார் ரயில் கால அட்டவணை போடும் அதிகாரி. ஒரு நிமிடம் பிந்துகிறவனின் பரம்பரையையே சந்தேகிக்கிற ரகம். அந்த அம்மாள் இருபதாம் தேதி ஓய்வு பெறுகிறார். விழாவுக்குக் கோட்டு தைக்க உறவு முறையில் தேடி வந்த இடம் மாமாவின் கடை.

"இருபதாம் தேதி காலையில கோட்டு கையில இருக்கணும். சொன்ன சொல் காப்பாத்துற குடும்பமான்னு அதுலயே தெரிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற இவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவுக்குத் தேதி என்றைக்கு நினைவில் நின்றது?

அன்றைக்கே மாமாவின் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதிப் போட்டாள். ஆர்டரைத் திறந்தால் கொடுக்க வேண்டிய தேதி பெரிதாகத் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னால் மணி அடிக்கும்.

அவள் எழுதிய மொழியில் தேதி வெறும் எண் அல்ல, சொன்ன வேலையைச் செய்யும் ஓர் ஆப்ஜெக்ட். மணி அடிக்கும் நாளைக் கண்டுபிடிக்க, 'இரண்டு நாள் கழி' என்று அதனிடம் சொல்லியிருந்தாள். விவரமான வகையாக இருந்தால் கழித்த விடையைப் புதுத் தேதியாகக் கையில் கொடுத்துவிட்டுத் தான் அசையாமல் இருக்கும். இவள் அவசரத்தில் எடுத்தது வெகுளி வகை; தன்னையே கழித்துக்கொண்டு, அப்படியே பதிவாகியும்விடும். அலுவலகத்தில் வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

ஆக, மாமா ஆர்டரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தேதி இரண்டு நாள் முன்னால் வந்தது. இருபது பதினெட்டாகி, பதினாறாகி, ஒன்பதாம் தேதி காலையில் பன்னிரண்டு என்று காட்டியது.

"அடியே, பாக்கப் பாக்கக் கொறையுது!" என்று போனில் அலறினார்.

"நாள்னா கொறையத்தானே மாமா செய்யும்? பாக்கிறத விட்டுட்டுத் தைங்க."

மனிதர் சோறு தண்ணி மறந்து தைத்தார். பன்னிரண்டாம் தேதி காலையில் கோட்டு ரெடி என்று அவரே அந்த அம்மாளுக்குப் போன் போட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு அவள் கடைக்கு ஓடி வந்தாள். ஆர்டரைத் திறந்தாள்: பத்து. மூடித் திறந்தாள்: எட்டு.

"மாமா, இது தப்பு. கோட்டு இருபதாம் தேதிக்குத்தான்."

"தப்போ ரைட்டோ, வாழ்க்கையில மொத தடவையா முன்கூட்டியே முடிச்சிருக்கேன். அதுல கைய வெச்சே, தெரியும் சேதி!"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மானத்தைக் காப்பாற்றிய தப்பு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த அம்மாள் வந்தார். கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார்.

"எட்டு நாள் முன்னாடியா! என் ரயில்கூட இப்படி வந்ததில்ல. கல்யாணத் துணி எல்லாம் நீங்கதான் தைக்கணும். ஆமா, இவ்வளவு சுறுசுறுப்பான குடும்பத்துக்கு ஆறு மாசம் எதுக்கு? அடுத்த மாசம் பத்தாம் தேதியே வெச்சுக்கலாம். நானும் வீட்டுல சும்மாதானே இருக்கப்போறேன்."

"பேஷா! இப்பவே பதிஞ்சிடறேன்" என்று மாமா கம்ப்யூட்டரை நோக்கி நடந்தார்.

அவள் பாய்ந்து அவருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தள்ளுங்க மாமா! நான் பண்றேன், நீங்க தொடாதீங்க!"

அந்த அம்மாள் பூரித்துப் போனார். "பொண்ணுக்கு அவசரத்தப் பாருங்களேன்!"