மேசைமேல் இருந்த கட்டு

ஐந்தரைக்கு எழுந்தேன். கதவில் தொங்கிய பையிலிருந்து பாலை எடுத்தேன். காபி ஒரு டம்ளர். தரையில் உட்கார்ந்து, டம்ளரைத் தரையில் வைத்துக் குடித்தேன். மேசைமேல் விடைத்தாள் கட்டு இருந்தது. குளியல், சட்டை, பூட்டு. பட்டாபிராமில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கி ஆபீஸ். பதினெட்டு நாளாக இப்படித்தான்.

என் மனைவி தேவிப்பிரியா நாலாம் வகுப்பு ஆசிரியை. கரும்பலகை முன்னால் விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். அன்று சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. வயது இருபத்தொன்பது.

பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, ஆக்னஸ் மிஸ் வந்தார். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர்.

"கேக்கவே சங்கடமா கீது தம்பி. அந்தக் கணக்குப் பரீட்சைக் கட்டு. திங்கக்கெழம மார்க் ஏத்தணும்."

"பன்னெண்டு திருத்தியிருக்கா மிஸ். மீதி முப்பத்தொண்ணு. நானே திருத்தித் தரேன்."

"நீங்களா?" சிரித்துவிட்டார். "உங்களுக்குக் கணக்கு தெரியும் நைனா. திருத்தத் தெரியுமா?"

"நாலாங்கிளாஸ் கழித்தல்தானே."

"சரி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரேன். முடியலேன்னா குடுத்துடணும், இன்னா?"

அவள் பாதியில் விட்ட வேலை அது ஒன்றுதான். அதை அவள் செய்வது போலவே முடித்துக் கொடுக்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதல் தாள் நிஷா என்ற பெண்ணுடையது. பத்துக் கணக்கும் தப்பு. பத்துப் பெருக்கல் குறி, மேலே பூஜ்யம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகுதான் அவள் திருத்திய பன்னிரண்டையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பெருக்கல் குறி இல்லை. தப்பான கணக்கில் ஒரே ஓர் இலக்கத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். பிள்ளை சறுக்கிய இடம். ஓரத்தில் ஒரு வரி. 'பக்கத்தில் கடன் வாங்கினாய், அங்கே ஒன்று குறைக்க மறந்துவிட்டாய். வா, பார்ப்போம்.' பன்னிரண்டு தாளிலும் வேறு வேறு வரி.

நிஷாவின் தாளை மறுபடி எடுத்தேன். 62இல் 38 போனால் 36 என்று எழுதியிருந்தாள். 81இல் 47 போனால் 46. 503இல் 247 போனால் 344. தோன்றியதை எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கே வட்டமிடுவது? மதியமாகிவிட்டது.

சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது. மேலே இருக்கிறதோ கீழே இருக்கிறதோ, ஒவ்வொரு இடத்திலும் சின்ன இலக்கத்தைப் பெரியதிலிருந்து கழித்திருக்கிறாள். பத்துக் கணக்கிலும் ஒரு தடவைகூட மாறவில்லை. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும் என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அதை அப்படியே காப்பாற்றியிருக்கிறாள். அதற்குத்தான் நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.



என் வேலையும் பிழை கண்டுபிடிப்பதுதான், கம்ப்யூட்டர் புரோகிராமில். எந்த வரியில் பிழை என்று கம்ப்யூட்டரே பெரும்பாலும் சொல்லிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பிடித்தால் பாராட்டி மெயில் வரும். தேவிப்பிரியாவுக்கு முன்னால் நாற்பத்து மூன்று தலைகள். எதுவும் தன் பிழை எங்கே என்று சொல்லாது. நின்றுகொண்டே, வருகைப்பதிவுக்கும் சாப்பாட்டு வரிசைக்கும் நடுவில் கண்டுபிடித்தாள்.

"நாலரைக்கு வீடு, மே மாசம் லீவு. உனக்கென்ன?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"ஒரு நாள் வந்து நில்லுங்க. சொல்லிக்கூடக் குடுக்க வேணாம், நின்னாப் போதும்" என்றாள்.

ஞாயிறு மாலை ஆக்னஸ் மிஸ் வந்தபோது ஒன்பது தாள் முடிந்திருந்தது.

"ரெண்டு நாளா ஒம்போதா?" என்றவர் நிஷாவின் தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பூஜ்யத்தை அடித்திருந்தேன். ஓரத்தில் எழுதியிருந்தேன்: 'ஒரே விதியைக் கடைசிவரை பிடித்திருக்கிறாய். கீழே இருப்பது பெரிதானால் என்ன செய்வது? வா, பார்ப்போம்.'

வா என்று கூப்பிட்டிருக்கிறேன். யாரிடம் வருவாள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

"நான் பாத்துக்கறேன் தம்பி," என்றார். "மார்க்கு?"

"தெரியல மிஸ்."

"அதையும் நான் பாத்துக்கறேன்."

அவள் கட்டியிருந்த அதே நூலால் கட்டிக் கொடுத்தேன். மேசை காலியானது. காபி போட்டேன். டம்ளரை மறுபடி தரையில்தான் வைத்தேன்.

பள்ளியில் விழுந்த அன்று காலை அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரோடு மேசைப் பக்கம் குனிந்தேன். திரும்பிப் பார்த்தாள்.

"அதுமேல டம்ளர வைக்காதீங்க. பசங்க பேப்பரு."