சின்னக் கூட்டல் குறி

அந்த டேட்டா சென்டருக்கு இனி டி.சி. மின்சாரம்தான் என்று முடிவானதிலிருந்து, இயக்குநர் ஆட்களைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு வருங்காலத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். கம்ப்யூட்டருக்குள் ஓடுவது டி.சி.; அதற்கு ஏ.சி. மின்சாரத்தைக் கொடுத்து நடுவில் நாலு தடவை மாற்றுவானேன் என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. தப்பு எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேனுடையது. திறப்பு விழா அன்று காலை பத்து மணிக்கு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்ட பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது.

பிரேக்கரின் கீழ்முனையில் கடுகளவு ஒரு கூட்டல் குறி: பிளஸ் ஒயர் இங்கே.

முப்பது வருஷமாக ஏ.சி.யில் பழகிய கை. மேல்முனையில் மின்சாரத்தைக் கொடுத்துக் கீழே எடுப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. நாற்பது பிரேக்கரையும் அப்படியே மாட்டவைத்துவிட்டார். ஏ.சி.யில் அது செல்லும். அது நொடிக்கு நூறு தடவை ஓய்கிறது. அணைக்கும்போது கிளம்பும் பொறி அந்த ஓய்வில் செத்துவிடும். டி.சி.க்கு ஓய்வே கிடையாது. உள்ளே இருக்கும் காந்தம்தான் பொறியை ஒரு மூலைக்குத் தள்ளி அணைக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் காந்தமும் தலைகீழாகத் தள்ளும், கைப்பிடியைப் பிடித்திருப்பவன் பக்கமாக. மின்சுமையே இல்லாமல் வெறுமனே போட்டு அணைத்துப் பார்த்த சோதனையில் இது எப்படித் தெரியும்?

மின்சாரம் வரும் இரண்டு வழிகளில் ஒன்றை அணைத்தாலும் மற்றதில் எல்லாம் ஓடும் என்று காட்டுவதற்காக, முழுச் சுமையில் ஒரு பிரேக்கரை இழுத்து அணைக்கப்போகிறவன் அங்கேயே வேலை பார்க்கும் அவருடைய மச்சான். மனைவிக்கு ஒரே தம்பி.

ஃபோர்மேன் இயக்குநரிடம் ஓடினார்.

"சார், எல்லாத்தையும் தலைகீழா மாட்டியிருக்கு. தப்பு என்னுதுதான்."

"உங்க தன்னடக்கம் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷத்துல நீங்க தப்பு பண்ணினதா யாராவது சொல்லியிருக்காங்களா?"

"நானே சொல்றேனே சார்!"

"விழா முடியட்டும். எழுத்துல கொடுங்க, கமிட்டி போடலாம்."

பாதுகாப்பு அதிகாரி இன்னும் கனிவானவர். "நேத்தே சோதனைப் படிவத்துல எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டாச்சுண்ணே. இப்ப அடிச்சா அசிங்கமா இருக்கும்."

"முகக் கவசமாவது போடச் சொல்லுங்க."

"போட்டோவுல முகம் தெரியாதுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க."

மச்சான் கண்ணாடிக் கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"டேய், அதைத் தொடாதே. காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

"ஏன் அத்தான், நான் பேப்பர்ல வர்றது பொறுக்கலையா? அக்கா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாச்சு."

"அப்ப நான் இழுக்கறேன். நீ தள்ளி நில்லு."

"உங்க தொப்பை பேனலையே மறைச்சிடும், போங்க."

அதற்குள் காவலாளி வந்து, அழைப்பிதழ் இல்லாதவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்றார். தான் போட்ட ஒயரைத் தான் பார்க்க ஃபோர்மேனிடம் அழைப்பிதழ் இல்லை. "இழுக்காதடா!" என்று அவர் பின்னாலிருந்து கத்தியது, இயக்குநர் மைக்கில் மூன்று எண்ணியதில் அமுங்கிப்போனது.

மச்சான் சிரித்தபடி இழுத்தான்.

வெல்டிங் வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். விருந்தினர்கள் கைதட்டினார்கள். இயக்குநரும் தட்டினார். வெளிச்சம் நிற்கவில்லை. கைதட்டல்தான் நின்றது.

ஃபோர்மேன் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து, மச்சானைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். கரெண்டு வரும் பக்கத்தைச் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். கரெண்டு போனால் கைகொடுக்க வைத்திருந்த பேட்டரிகள் அதைச் சட்டை செய்யாமல் பொறிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது மெயின் பிரேக்கர் ஒன்றுதான். கைப்பிடிவரை போன கை அங்கேயே நின்றது. அதையும் இதே கைதான் மாட்டியது. இழுத்தால் இதைவிடப் பெரிதாக இன்னொன்று கிளம்பும்.

"ஆஃப் பண்ணுங்கய்யா! யாராவது ஆஃப் பண்ணுங்க!" என்று வாசலுக்கு வெளியே நின்று இயக்குநர் உத்தரவு போட்டார்.

மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில், வேறு யாருடையதோ போலக் கிடந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தான்.

"அத்தான், ஒண்ணுமே தெரியலையே... ஆஃப் ஆயிடுச்சா?"

பேனல் சீறிக்கொண்டே இருந்தது. ஃபோர்மேன் அவன் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஆயிடுச்சுடா," என்றார்.