சிவப்புக் கதிரை

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையோரம் நிற்கும் ஏழு மாடிக் கட்டடத்தில், எட்டுப் பேரைச் சுமக்கும் புது லிப்ட் நமசிவாயம் ஒருவரைச் சுமப்பதில்லை. அவர் தனியே காலை வைத்ததும், பாரம் கூடிவிட்டதென்று மணி அடிக்கும்.

பழைய லிப்டில் ஒரு கோளாறு இருந்தது. பெட்டி வேறெங்கோ நிற்க, மூன்றாம் மாடிக் கதவு மட்டும் திறந்துவிடும். திருத்துவதற்குக் கனடாவிலும் லண்டனிலும் இருந்த வீட்டுக்காரர் எல்லோரும் சம்மதிக்கட்டும் என்று நிர்வாகக் குழுத் தலைவரான நமசிவாயம் காத்திருந்தார். அதுவரை கதவின் குறுக்கே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை நின்றது. கதிரை நின்றால் பழுது, எடுத்துவிட்டால் திருத்தியாயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

நமசிவாயத்தின் தகப்பனாருடைய திவசத்தன்று அவருடைய ஏழாம் மாடி வீட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இருக்க இடம் போதாமல், யாரோ அந்தக் கதிரையை ஏழாம் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். மூன்றாம் மாடியில் குடியிருந்த என் தங்கை மேனகாவை நமசிவாயமே போனில் கூப்பிட்டார்: “பிள்ளை, சோறு ஆறுது, கெதியா வாரும்.” அவள் என்னோடு போனில் கதைத்தபடி வெளியே வந்தாள். “அண்ணா, கதிரையை எடுத்திட்டினம். ஒரு மாதிரித் திருத்திப்போட்டாங்கள்” என்று சிரித்தாள். கதவு திறக்கும் சத்தமும் எனக்குக் கேட்டது.

புதுக்கடை நீதிமன்றத்தில், அன்று சாப்பிட்டவர்கள் எல்லோரும் கதிரையைக் கண்டதேயில்லை என்றார்கள். மேனகாவின் சாவு விபத்தென்று வழக்கு முடிந்தது. புது லிப்ட் வந்தது. அவர்களில் எவர் ஏறினாலும் மணி அடித்தது. மெக்கானிக் பௌஸி அரிசி மூட்டைகளை அடுக்கி ஏழாம் மாடி வரை போய் வந்தார். “லிப்டுல ஒரு பிழையும் இல்ல சேர். நீங்க எறங்கினா சரி.” நமசிவாயத்தின் மனைவி கனகேஸ்வரி திவசத்தன்று யாழ்ப்பாணத்தில் இருந்தவர், அவரை லிப்ட் ஏற்றியது. “வண்டியைக் குறையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்” என்று அவர் வயிற்றைக் காட்டியபடி மேலே போய்விட்டார்.

நமசிவாயம் இரவுச் சாப்பாட்டை விட்டார், மெலிந்தார், கதிர்காமம் போய்வந்தார். மணி நிற்கவில்லை. தங்கையின் வீட்டில் இப்போது நான் இருக்கிறேன். ஒரு நாள் என் வாசலில் மூச்சு வாங்க நின்றார். “தம்பி, நான் அதைக் கண்டனான். அதில இருந்துதான் சாப்பிட்டனான். ஆரும் திருப்பி வைப்பினம் எண்டு நினைச்சன்.” சொல்லிவிட்டு நேரே லிப்டுக்குள் போனார். மணி அடித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

போன மாசியில், புதிதாகக் குடிவந்த ரூபிகாவுக்கும் மணி அடித்தது. யோசித்துப் பார்த்தாள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடந்ததை முதல்நாள் கண்டது நினைவுக்கு வந்தது. படியேறிப் போய் மூடிவிட்டு வந்தாள். லிப்ட் அவளை ஏற்றிக்கொண்டது. இப்போது மணி கேட்டால் பௌஸியை யாரும் கூப்பிடுவதில்லை. “என்னத்தைக் கண்டனீங்கள்?” என்றுதான் கேட்கிறார்கள்.

நமசிவாயத்துக்கு மூடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சிவப்புக் கதிரையைக் கையோடு கொண்டு படியேறுகிறார். ஒவ்வொரு மாடியிலும் அதில் இருந்து இளைப்பாறுகிறார். மூன்றாம் மாடியில் மட்டும் அதை லிப்ட் கதவின் குறுக்கே வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறார்.